முகத்தில் கரப்பான்: உளூ முதல் உறக்கம் வரை நாம் கவனிக்க வேண்டியவை

செஞ்சியில் சித்திரை வெயில் வானத்திலிருந்து மட்டும் இறங்குவதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரைச் சுற்றி நிற்கும் மூன்று மலைகளின் பாறைகளும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் வந்து இறங்கும் நாட்களில் தூசியும் சேர்ந்துகொள்கிறது. பாறைப் பூமி என்பதால் பல வீடுகளில் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. வேர்வை, தூசி, உப்புத் தண்ணீர் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து தாக்கும் இடம் நம் முகம். ஏற்கனவே தோல் பலவீனமாக உள்ளவர்களுக்கு அரிப்பும் செதிலும் சிவப்புமாக அது வெளிப்படுகிறது.

கையிலோ காலிலோ வந்தால் துணியால் மறைத்துக்கொள்ளலாம். முகத்தில் வந்தால் மறைக்க வழியில்லை. அதனால்தான் முகத்தில் வரும் கரப்பானுக்கு நாம் அவசரப்படுகிறோம், அந்த அவசரத்தில் பெரிய தவறுகளையும் செய்துவிடுகிறோம்.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு ஒரு மாதம் இருந்தபோது கன்னத்தில் அரிப்பும் செதிலும் தொடங்கின. தெரிந்தவர் ஒருவர் சொன்ன ட்யூபை மருந்துக்கடையில் வாங்கிப் பூசினாள். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் திரும்ப வந்தது, மறுபடி பூசினாள். ஏழு மாதம் இப்படியே போனது. பிறகு வெயிலில் நின்றாலே முகம் எரிந்தது. கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன, பருக்கள் கிளம்பின, மேலுதட்டில் முடி வளர்ந்தது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு வந்தது சாதாரண கரப்பான். இப்போது நான் வைத்தியம் பார்ப்பது அந்த ட்யூப் செய்த வேலைக்கு." அவள் முகம் தேற ஓராண்டுக்கு மேல் ஆனது. இந்தக் கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது அந்த ஓராண்டுதான்.

கரப்பான் என்பது என்ன?

எக்ஸிமா என்று மருத்துவர்கள் சொல்வதை நம் பாட்டிமார்கள் கரப்பான் என்றார்கள். நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவரைப் போன்றது. தோல் செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் உள்ள கொழுப்பு சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலுள்ள தூசி, சோப்பு, கிருமி ஆகியவை உள்ளே நுழையும். உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றோடு சண்டையிடும்போது தோல் சிவந்து, அரித்து, நீர் கசிந்து, செதிலாகிறது. சொறியச் சொறியச் சுவர் மேலும் இடிகிறது, அரிப்பும் கூடுகிறது.

சிலருக்கு இந்தச் சுவர் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். தோலின் மேலடுக்குக்கு உறுதி தரும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் குறை இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது 2006-ல் தெரியவந்தது. குடும்பத்தில் ஆஸ்துமா, அடுக்குத் தும்மல், கரப்பான் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். கரப்பான் தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பக்கத்தில் நின்று தொழுவதாலோ, குழந்தையை முத்தமிடுவதாலோ பரவாது. இரத்தம் கெட்டதால் வருவதும் அல்ல.

முகத்தில் வருவது எல்லாம் ஒன்றல்ல

வகை தெரியாமல் மருந்து போட்டால் நோய் வளரும். பொதுவாகக் காணப்படுபவை இவை:

• அடோபிக் கரப்பான்: கைக்குழந்தைகளுக்கு முதலில் இரண்டு கன்னங்களில் வரும். வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும், பெரியவர்களுக்கு இமை, உதடு ஓரம், கழுத்திலும் காணப்படும். அரிப்பு கடுமையாக இருக்கும்.

• செபோரிக் கரப்பான்: மூக்கின் இரு பக்க மடிப்பு, புருவம், தாடி, காதுக்குப் பின்புறம், தலை ஆகிய இடங்களில் மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதிலாக வரும். தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை ஈஸ்ட் பூஞ்சைக்கு இதில் பங்குண்டு. தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் இதைப் பொடுகு என்று விட்டுவிடுகிறார்கள்.

• ஒவ்வாமைக் கரப்பான்: முகத்தில் பட்ட ஒரு பொருள் சேராததால் வருவது. தலைச்சாயம், வாசனைத் திரவியம், முகப்பூச்சு, மூக்குக் கண்ணாடியின் உலோகம் எதுவாகவும் இருக்கலாம்.

• பார்த்தீனியக் கரப்பான்: நம் வயல் வரப்புகளிலும் சாலையோரத்திலும் வெள்ளைப் பூவோடு நிற்கும் விஷச்செடியால் வருவது. 1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்ட இந்தச் செடி பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. இதன் காய்ந்த துகள் காற்றில் பறந்து முகத்தில் பட்டாலே போதும். விவசாய வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாக நடுவயது ஆண்களுக்கு, இமைகள், முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கறுக்கும். வெயில் ஒவ்வாமை என்று நினைத்து ஏமாறுவோர் பலர். வெயில் படாத மேல் இமையிலும் காதுக்குப் பின்னாலும் தாடைக்கு அடியிலும் தடிப்பு இருந்தால் காற்றில் வரும் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். இந்தச் செடியைக் கையுறை அணிந்து, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். வயலிலிருந்து வந்ததும் முகத்தையும் கைகளையும் கழுவி உடை மாற்ற வேண்டும்.

• பிள்ளைகளின் வெள்ளைத் தேமல்: பள்ளி செல்லும் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலான வெள்ளைத் திட்டுகள் வந்தால் பூச்சி மருந்தும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வாங்கித் தருகிறோம். இரண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது இலேசான கரப்பானின் ஒரு வடிவம். ஈரப்பதம் தரும் பூச்சு போட்டு வந்தால் சில மாதங்களில் தானே மறையும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பால் வெள்ளையாகத் தெளிவான ஓரத்துடன் இருந்தாலோ, திட்டில் தொட்டால் உணர்வு குறைவாக இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணர்வற்ற தேமல் தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டால் அது முழுமையாகக் குணமாகும்.

அந்த "பளிச்" ட்யூபில் என்ன இருக்கிறது?

பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன். இவை ஸ்டீராய்டு மருந்துகள். சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சரியான நாட்களுக்குப் பூசினால் அருமையான மருந்துகள். ஆனால் முகம் அவற்றுக்கு ஏற்ற இடம் அல்ல. 1967-ல் வெளியான ஓர் ஆய்வு, ஹைட்ரோகார்டிசோன் முன்கையில் உறிஞ்சப்படுவதைவிட நெற்றியில் 6 மடங்கும் தாடைக் கோணத்தில் 13 மடங்கும் அதிகமாக உறிஞ்சப்படுவதைக் காட்டியது. கையில் தாங்கும் மருந்தை முகம் தாங்காது என்பதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் 12 மையங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்! இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் "ஸ்டீராய்டால் கெட்ட முகம்" என்ற பொருளில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டு கேட்காமல் விற்பது முற்றிலும் நின்றுவிடவில்லை.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்றும் கலந்த ட்யூப்களை முகம் வெளுக்கும் க்ரீமாகப் பூசுவதும் நம் வீடுகளில் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வரும், தயாரிப்பாளர் பெயரே இல்லாத வெள்ளைக் க்ரீம்கள் இன்னும் ஆபத்தானவை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை வந்த சிறுநீரக நோயாளிகளில் 13 பேர் இத்தகைய சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் க்ரீம்களில் பாதரசம் இருந்தது.

பல மாதம் ஸ்டீராய்டு பூசியவர்கள் பயந்து ஒரே நாளில் தாமாக நிறுத்த வேண்டாம். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், அதைத் தாங்க முடியாமல் மறுபடி அதே ட்யூபை எடுப்பார்கள். தோல் மருத்துவரின் துணையோடுதான் அதிலிருந்து வெளியே வர வேண்டும்.

மருத்துவர் என்ன தருவார்?

அடிப்படை மருந்து ஈரப்பதம் தரும் பூச்சுதான். எது சிறந்தது என்று அலைய வேண்டாம். பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு என்ற நான்கையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வில் நான்கும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. பிள்ளை எதைப் பூச விடுகிறதோ, நம் கைக்கு எது கட்டுப்படியாகிறதோ அதுவே நல்லது. வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அரிப்பு கூடும்போது ஹைட்ரோகார்டிசோன் போன்ற மிதமான ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதுவார். "ஸ்டீராய்டே வேண்டாம்" என்று அதையும் ஒதுக்குவது மறுபக்கத் தவறு. அடங்காத கரப்பானைச் சொறிந்து புண்ணாக்குவதைவிட, சொன்ன அளவில் சொன்ன நாள்வரை பூசுவது பாதுகாப்பானது. விரல் நுனியின் முதல் மடிப்புவரை பிதுக்கிய மருந்து ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

முகத்துக்கும் இமைக்கும் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு. 2 வயது முதல் பிள்ளைகளுக்கு 0.03 சதவீதமும் பெரியவர்களுக்கு 0.1 சதவீதமும் தரப்படுகின்றன. முதல் சில நாட்கள் எரியும். பயந்து நிறுத்திவிடாமல் தொடர்ந்தால் எரிச்சல் அடங்கும். இதனால் தோல் மெலிவதில்லை.

தாடியிலும் புருவத்திலும் வரும் செபோரிக் கரப்பானுக்கு 2 சதவீத கீட்டோகோனசால் ஷாம்புவை வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கழுவச் சொல்வார்கள். தாடிக்கும் போட வேண்டும். கண்ணில் படக் கூடாது. இது திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. மீண்டும் வந்ததால் மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

உளூவும் முகம் கழுவுதலும்

ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒவ்வொரு முறையும் மும்மூன்று தடவை முகத்தில் தண்ணீர் படுகிறது. உளூவால் கரப்பான் வருவதில்லை. கழுவியபின் தோலைக் காயவிட்டுவிடுவதுதான் பிரச்சினை. தண்ணீர் ஆவியாகும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துச் செல்கிறது.

• சாதாரணத் தண்ணீர் போதும். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம்.
• உளூவின்போது சோப்பு தேவையில்லை. இரவில் ஒருமுறை மட்டும், காரமில்லாத முகக் கழுவி போதும்.
• மென்மையான பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.
• முகத்தில் இலேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச்சு போட வேண்டும். பையில் சிறு டப்பா இருந்தால் பள்ளிவாசலிலும் கடையிலும் இது எளிது.

போட்ட பூச்சு அடுத்த உளூவுக்குத் தடையாகுமா என்று பலர் கேட்கிறார்கள். தோலில் ஊறிவிடும் க்ரீமும், தண்ணீர் தோலில் படுவதைத் தடுக்காத எண்ணெய்ப் பசையும் தடையில்லை என்பதே பொதுவாக ஆலிம்கள் சொல்வது. கெட்டியான படலமாகப் பூசியிருந்தால் துடைத்துவிட்டு உளூ செய்யலாம். முகம் புண்ணாகி, தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று மருத்துவர் சொல்லும் நிலையில் மார்க்கம் தயம்மும் என்ற சலுகையைத் தந்திருக்கிறது. புண் உள்ள பகுதி மட்டும் என்றால் எப்படிச் செய்வது என்பதில் மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் மருத்துவர் சொன்னதை விவரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வேதனையைச் சகித்துக்கொண்டு புண்ணைப் பெரிதாக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடின நீரில் சோப்பின் எச்சம் தோலில் தங்கி உறுத்தும் என்பது உண்மை. அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குப் பெரும் பணம் செலவிட வேண்டாம். இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில் அக்கருவியால் கரப்பானுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சோப்பைக் குறைப்பதே மலிவான வழி.

ஜைத்தூன், தேங்காய், கருஞ்சீரகம்

நம் வீடுகளில் ஜைத்தூன் எண்ணெய்க்குத் தனி மரியாதை உண்டு. உணவில் அது சிறந்ததுதான். ஆனால் 2013-ல் வெளியான ஆய்வில், அதைத் தொடர்ந்து பூசியவர்களின் தோல் அரண் பலவீனமானது தெரிந்தது. ஆகவே கரப்பான் உள்ள முகத்துக்கும் குழந்தையின் கன்னத்துக்கும் அது வேண்டாம். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் சுத்தமான தேங்காய் எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. செபோரிக் கரப்பானுக்கும் பருவுக்கும் மட்டும் எண்ணெய் ஆகாது. கருஞ்சீரக எண்ணெயை நேரடியாகப் பூசித் தோல் ஒவ்வாமை வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மஞ்சள், எலுமிச்சை, பூண்டு, பற்பசை எதையும் வெடித்த தோலில் போடாதீர்கள்.

அத்தர், மருதாணி, சுர்மா, ஹிஜாப்

அத்தரைத் தாடியிலும் கழுத்திலும் தடவாமல் உடையில் தடவுங்கள். வாசனைப் பொருட்கள் முக ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அரைத்த மருதாணி இலை பெரும்பாலோருக்குச் சேரும். "கறுப்பு மருதாணி" என்றும் உடனடித் தலைச்சாயம் என்றும் விற்பவற்றில் பிபிடி என்ற இரசாயனம் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது தாடியில் பட்டால் முகமே வீங்கி இமை மூடிக்கொள்ளும். சந்தையில் கிடைக்கும் சுர்மா பலவற்றில் ஈயம் இருப்பதால் குழந்தைகளுக்கு இடவே வேண்டாம்.

பெண்கள் ஹிஜாபுக்குப் பருத்தித் துணியைத் தேர்ந்தெடுத்து, தினம் துவைத்ததை அணியலாம். தாடைக்கு அடியில் வேர்வை தேங்கினால் வீடு திரும்பியதும் கழுவிப் பூச்சு போடுங்கள். ஊசியின் உலோகத்தில் நிக்கல் இருந்தால் அந்த இடம் அரிக்கும், பிளாஸ்டிக் கிளிப்புக்கு மாறலாம். தலையணை உறையும் தொழுகை விரிப்பும் வாரம் ஒருமுறை துவைக்கப்பட வேண்டும்.

உணவும் நோன்பும்

கத்தரிக்காய், கருவாடு, மாட்டிறைச்சி எல்லாம் "கரப்பான் பண்டம்" என்று விலக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் சில மணி நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் மீனையும் நிறுத்தினால் கரப்பான் போகாது, வளர்ச்சிதான் குன்றும். பாலூட்டும் தாயைப் பத்தியத்தில் போட்டு வாட்டுவதும் வேண்டாம்.

ரமலானில் தோலில் பூசும் மருந்தால் நோன்பு முறிவதில்லை என்பதே அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. ஆகவே பகலில் பூச்சை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித்தரச் சொல்லி மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். அரிப்புக்கான சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், அவற்றை இரவில் எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டாமல் இருக்க வேண்டும்.

பிள்ளையின் மனம்

"சொறியாதே" என்று நூறு முறை அதட்டினாலும் அரிப்பு அடங்காது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அரிக்கும் இடத்தில் ஈரத்துணியை வையுங்கள், தூங்கும் முன் பூச்சு போடுங்கள். இரவெல்லாம் சொறிந்த பிள்ளை காலையில் மதரஸாவில் தூங்கி விழுந்தால் அது சோம்பல் அல்ல. உஸ்தாதிடமும் பள்ளி ஆசிரியரிடமும் "இது ஒட்டாது" என்று நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கல்யாண வயதுப் பிள்ளைகளின் முகத்தை விருந்தில் வைத்து விசாரிப்பதை நம் பெரியவர்கள் விட்டுவிட்டால், பாதிப் பேர் அந்த ட்யூபைத் தேடிப் போகமாட்டார்கள்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

• ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ஹெர்ப்பிஸ் கிருமித் தொற்றாக இருக்கலாம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து.
• மஞ்சள் பொருக்கு, சீழ், வீக்கம் இருந்தால் பாக்டீரியாத் தொற்று.
• கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.
• முகம் திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இவை தவிர, இரண்டு வாரம் முறையாகப் பூச்சு போட்டும் அடங்காவிட்டால் செஞ்சி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம். எதனால் ஒவ்வாமை என்று தெரியாதவர்களுக்கு முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் சோதனை உண்டு. போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால் வைத்தியம் திசைமாறிவிடும்.

எங்கள் உறவுப் பெண் இப்போது நலமாக இருக்கிறாள். வெயில் காலத்தில் இலேசாக அரிக்கும், அவளுக்கு என்ன செய்வது என்று தெரியும். அலமாரியில் வாசனையில்லாத பூச்சு ஒன்றும், மருத்துவர் எழுதிய களிம்பு ஒன்றும் இருக்கின்றன. கரப்பான் சிலருக்குப் போகும், சிலருக்கு அவ்வப்போது வந்து போகும். எப்படியிருந்தாலும் அதை அடக்கி வைத்து நிம்மதியாக வாழ முடியும். இன்றே உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, முகத்துக்குப் பூசும் ஒவ்வொரு ட்யூபின் பெயரையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.